சராசரி வயது குறைந்தால் கொண்டாட வேண்டுமா?

கனடாவின் பூர்வகுடிகளைப் பற்றி எந்த அரசு அறிக்கையை எடுத்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ‘இளமையான, வேகமாக வளரும் மக்கள்’ என்ற வரி வந்துவிடும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கனடாவில் பூர்வகுடிகள் சுமார் 18 லட்சம் பேர். அவர்களுடைய சராசரி வயது 33.6, மற்ற கனடியர்களுடையது 41.8. பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அவர்களில் 25.4 சதவீதம், மற்றவர்களில் 16 சதவீதம்தான். நாளுக்கு நாள் கிழடு தட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டுக்கு இது நல்ல செய்தியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ‘நாளைய தொழிலாளர் படை’ என்று பொருளாதாரப் பக்கங்களில் உற்சாகமாக எழுதுகிறார்கள்.

எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே கொஞ்சம் எரிச்சல் வரும். ஒரு ஊரின் சராசரி வயது குறைவாக இருக்க இரண்டு வழிகள் உண்டு. குழந்தைகள் நிறையப் பிறக்கலாம், அல்லது வயதானவர்கள் இல்லாமல் போகலாம். கால்குலேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அதே கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டிய பூர்வகுடிகள் 9.5 சதவீதம், நாடு முழுவதற்கும் பார்த்தால் அது 19 சதவீதம். அதாவது பாதி. இந்தப் பாதியைப் பற்றி உற்சாகமாக எழுதுவதற்கு யாரும் இல்லை.

நான் பிழைப்புக்கு எண்களோடு மாரடிக்கிறவன், இருப்பது ஒண்டாரியோவில். டொராண்டோ நகரம் நிற்கும் நிலமே மிஸ்ஸிஸாகா அனிஷினாபேக்களிடம் 1787-லும் 1805-லும் எழுதி வாங்கியது. அந்தக் கொள்முதலில் நடந்த அநியாயத்துக்கு ஈடாக 14.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது 2010-ல்தான். அனிஷினாபே என்றால் ஒரே ஊரோ ஒரே அரசோ இல்லை. ஒஜிப்வே, சிப்பவா, மிஸ்ஸிஸாகா, ஒடாவா, பொட்டவாடமி என்று பல பெயர்களில், பெரிய ஏரிகளைச் சுற்றி, எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கனடாவிலும் அந்தப் பக்கம் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகனிலும் சிறு சிறு ஊர்களாகச் சிதறி இருக்கிறார்கள். பெரும்பாலானவை சில நூறு பேரோ ஆயிரத்துச் சொச்சம் பேரோ வாழும் ஊர்கள். அப்படிப்பட்ட ஊர்களின் வயதுப் பட்டியல்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

முதலில் அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். கனடாவின் புள்ளியியல் துறை எந்த ஊரின் வயதுப் பட்டியலையும் அப்படியே வெளியிடுவதில்லை. ஒவ்வொரு கட்டத்தில் இருக்கும் எண்ணையும் ஐந்தின் மடங்காக மாற்றிவிடுவார்கள், அதுவும் குலுக்கல் முறையில். ஊரில் 75 முதல் 79 வயது வரை ஏழு பேர் இருந்தால் பட்டியலில் ஐந்து என்று வரலாம், பத்து என்றும் வரலாம். இரண்டு பேர் இருந்தால் பூஜ்யம் என்று வந்தாலும் வந்துவிடும். தனி ஆளை யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, நியாயமானதுதான். ஒரு மாநகரத்தில் இதனால் எதுவும் குடி முழுகிப் போகாது. ஆனால் எண்ணூறு பேர் உள்ள ஊரில் எழுபதைத் தாண்டியவர்களே இருபது முப்பது பேர்தான் என்றால், பாட்டி ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்பதையே குலுக்கல் முடிவு செய்கிறது. இப்படிப்பட்ட ஊரின் வயதுக் கோபுரத்தை வரைந்து பார்த்தால் பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கும். அதில் உண்மையிலேயே விழுந்த பல் எது, குலுக்கலில் விழுந்தது எது என்று ஒற்றைப் பட்டியலை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

அப்புறம், எல்லா ஊர்களும் பட்டியலில் இருப்பதும் இல்லை. 2016-ல் 14 ரிசர்வ்கள், அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருக்கும் ஊர்கள், முழுமையாகக் கணக்கெடுக்கப்படவில்லை. 2021-ல் அது 63 ஆனது. பெருந்தொற்று, அந்தக் கோடையின் காட்டுத் தீ, ‘எங்களை எண்ண நீ யார்’ என்று வாசலிலேயே நிறுத்திய ஊர்கள் என்று காரணங்கள் பல. மூன்றாவது காரணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எண்ணுவதற்கென்று வந்தவர்கள் பிறகு என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. அமெரிக்கப் பக்கத்திலும் இதே கதைதான்: 2020 கணக்கெடுப்பில் ரிசர்வ்களில் வாழும் பூர்வகுடிகளில் 5.64 சதவீதத்தினர் விடுபட்டுப் போனதாக அந்த நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. வேறு எந்தப் பிரிவினரிலும் இவ்வளவு பேர் விடுபடவில்லை.

சரி, இனி ஊருக்குள் போவோம்.

கிராஸி நாரோஸ். ஒண்டாரியோவின் வடமேற்கு மூலையில், கெனோரா ஊரிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். காடும் ஏரியும் பாறையுமான இடம். அனிஷினாபே மொழியில் ஊரின் பெயர் அசுப்பீஸ்சோசீவாகோங். ஊரில் ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். ஊரின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் இன்னும் சில நூறு பேர் வெளியே. 1873-ல் அரசோடு போட்ட மூன்றாம் ஒப்பந்தத்தின் கீழ் வருகிற ஊர் இது. அந்த ஒப்பந்தம் அவர்களுக்கு விட்டுவைத்த முக்கியமான உரிமை வேட்டையும் மீன்பிடியும்.

இந்த ஊரின் வயதுப் பட்டியலில் 70 முதல் 74 வரை என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் அந்த வரிசையில் இருக்கும் ஒருவர் ஏறத்தாழ 1950-ல் பிறந்திருப்பார். அவருடைய வாழ்க்கையைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு இப்படிப் போகிறது. ஆறு ஏழு வயதில் அவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மக்கின்டோஷ் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். கத்தோலிக்கப் பாதிரிமார்கள் நடத்திய அந்தப் பள்ளி 1969-ல்தான் மூடப்பட்டது, அங்கே தாய்மொழி பேசினால் அடி. பதின்மூன்று வயதில், 1963-ல், ஊரையே இடம் மாற்றினார்கள். அதுவரை தீவுகளிலும் கரைகளிலும் குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி இருந்தவர்களை, மின்சாரமும் பள்ளியும் சாலையும் தருகிறோம் என்று சொல்லி ஐந்து மைல் தள்ளிச் சாலையோரம் வரிசை வீடுகளில் குடியேற்றியது அரசு. அதற்கு ஓராண்டு முன்பே, 1962-ல், ஆற்றில் மேலே டிரைடன் நகரத்துக் காகித ஆலையின் ரசாயனப் பிரிவு பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விடத் தொடங்கிவிட்டது. காகிதத்தை வெளுக்கக் குளோரின் வேண்டும், குளோரின் தயாரிக்கப் பாதரசம் வேண்டும், மிச்சம் ஆற்றுக்கு. 1970 வரை எட்டு ஆண்டுகளில் ஒன்பது முதல் பத்து டன் பாதரசம் போனது. நம் ஆள் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது தொடங்கியது, இருபது வயதாகும்போது நின்றது. நின்றது என்பது குழாயில். ஆற்று அடிமண்ணில் இன்றும் இருக்கிறது.

இருபது வயதில் அவர் என்ன வேலை செய்திருப்பார்? பெரும்பாலும் மீன்பிடி வழிகாட்டி. அமெரிக்காவிலிருந்து தூண்டிலோடு வரும் பணக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், மீன் எங்கே இருக்கும் என்று காட்டி, மதியம் கரையில் தீ மூட்டிப் பிடித்த மீனை வறுத்துக் கொடுக்கும் வேலை. விருந்தாளி சாப்பிடும்போது வழிகாட்டியும் சாப்பிடுவார். விருந்தாளி ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவார். வழிகாட்டி பருவம் முழுக்கச் சாப்பிடுவார், மாலையில் மிச்சத்தை வீட்டுக்கும் எடுத்துப் போவார். உள்ளூரில் பிக்கரெல் என்று சொல்லும் மீன் அது. சிறு மீன்களைத் தின்று வளரும் இரைகொல்லி, ஆகவே ஆற்றுப் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றியதெல்லாம் படிப்படியாக ஏறி வந்து அதன் சதையில்தான் சேரும். 1970-ல் அரசு வணிக மீன்பிடியை மூடியது. ஊருக்குக் கூலி வேலை, உணவு இரண்டும் ஒரே நேரத்தில் போயிற்று. வேடிக்கைக்குத் தூண்டில் போட வரும் சுற்றுலாக்காரர்களை மட்டும் மாகாண அரசு தடுக்கவில்லை. சுற்றுலா வருமானம் போய்விடுமே.

அந்தக் காலத்தில் மத்திய அரசின் சுகாதாரத் துறை ஊருக்கு வந்து தலைமுடி மாதிரிகளை எடுத்தது. பாதரசம் முடியில் தங்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆகவே ஓர் இழையைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால் எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் உள்ளே போனது என்று நாட்குறிப்பு மாதிரிப் படித்துவிடலாம். 1970 முதல் 1997 வரை இப்படி எடுத்தார்கள். எடுத்தது சரி, அப்புறம்? ஜப்பானில் பாதரச நஞ்சால் வரும் மினமாட்டா நோயை ஆராய்ந்த மருத்துவர் மசாசுமி ஹராடா 1975-லேயே கிராஸி நாரோஸுக்கு வந்து பார்த்துவிட்டு, அதே நோயின் அறிகுறிகள் இங்கேயும் இருப்பதாகச் சொன்னார். கை நடுக்கம், தள்ளாட்டம், பக்கவாட்டுப் பார்வை சுருங்கிப் போவது. பிறகும் பலமுறை வந்தார். கனடா அரசு அந்தப் பெயரைச் சொல்லவே தயங்கியது. 1980களின் நடுவில் ஒரு சமரசத் தொகையும் அதைப் பங்கிட ஒரு வாரியமும் வந்தன. அறிகுறிகளுக்குப் புள்ளி போட்டு, தேறினால் மாதம் 250 முதல் 800 டாலர் வரை. விண்ணப்பித்தவர்களில் மிகப் பலர் தேறவில்லை. அந்தத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயரவும் இல்லை, 2018-ல்தான் உயர்த்தினார்கள்.

அந்த முடிகளின் அளவுகளையும் அவற்றுக்கு உரியவர்களின் ஆயுளையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஆய்வு ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வர 2020 ஆனது. 657 பேரின் அளவுகள். அறுபது வயதுக்கு முன்பே இறந்தவர்களையும், அவர்களோடு ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து அறுபதைத் தாண்டி வாழ்ந்தவர்களையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சீக்கிரம் போனவர்களின் முடியில் பாதரசம் அதிகம். ஒரு கிராம் முடியில் 6.25 மைக்ரோகிராம் பாதரசம் கூடினால் ஆயுளில் ஓர் ஆண்டு குறைகிறது என்பது அவர்கள் கண்ட விகிதம்.

இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மறுபடியும் வயதுப் பட்டியலுக்கு வாருங்கள். 70 முதல் 74 வரை, 75 முதல் 79 வரை என்று மேலே போகப் போக மெலிந்துகொண்டே போகும் வரிசைகள். அந்த மெலிவும் சேர்ந்துதான் ஊரின் சராசரி வயதைக் கீழே இழுக்கிறது. ‘இளமையான சமூகம்’ என்கிற வரிக்குள் டிரைடன் ஆலையின் பங்கும் இருக்கிறது. பிறப்பு விகிதம் அதிகம் என்பதும் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஊரில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அறிக்கை எழுதுகிறவர்கள் அடித்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு உச்சியைப் பார்க்காமல் போவது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. குழந்தைகள் அதிகம் என்றால் திட்டம் போடலாம், படம் பிடித்துப் போடலாம். தாத்தாக்கள் குறைவு என்றால் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வயதானவர்கள் குறைந்தால் ஊரில் என்ன குறையும் என்று விளக்க வேண்டியதில்லைதான், இருந்தாலும் இந்த ஊர்களுக்கு அது ஒருபடி மேலே. உறைவிடப் பள்ளிகளுக்குப் பிறகு ‘அனிஷினாபேமோவின்’ என்ற தங்கள் மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேல் வரிசைகளில்தான் இருக்கிறார்கள். எந்த விரிகுடாவில் எப்போது காட்டரிசி முற்றும், வேட்டைத் தடம் எந்தக் குடும்பத்துடையது, எந்தச் சடங்குக்கு யார் முன்னால் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைத்த விஷயங்கள் இல்லை. ஒப்பந்த உரிமை வழக்குகளில் நீதிமன்றம் முதியவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தை ஏற்கிறது. சாட்சி சொல்ல ஆள் உயிரோடு இருக்க வேண்டும். 2002 டிசம்பரில் இந்த ஊர் மக்கள் தங்கள் காட்டில் மரம் வெட்ட வந்த லாரிகளைச் சாலையில் மறித்தார்கள். அந்த மறியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் ஊரின் இளைஞர்கள்.

பாதரசம் மேல் வரிசைகளோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு மூன்று தலைமுறைகளைத் தொடர்ந்து பார்த்தது: மீன்பிடி வழிகாட்டியாக இருந்த தாத்தா, சிறுவயதில் அந்த மீனைச் சாப்பிட்டு வளர்ந்த அம்மா, இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளை. அம்மாவின் நரம்பு மண்டலப் பாதிப்பும் மன உளைச்சலும், பிள்ளைகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதோடு தொடர்புடையவை என்று அது காட்டியது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பட்டியலின் அடிவரிசைக்கு வருவோம். இதற்கு வேறு ஊருக்குப் போக வேண்டும். ஒண்டாரியோவின் தென்மேற்குக் கோடியில், ஹியூரன் ஏரி செயின்ட் கிளேர் ஆறாக இறங்கும் இடத்தில், சார்னியா நகரத்தை ஒட்டி ஆம்ஜிவ்னாங் இருக்கிறது. 1827 ஒப்பந்தத்தில் அவர்களுக்கு விட்ட நிலம் சுமார் பத்தாயிரம் ஏக்கர். இன்று மிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்றதில் கணிசமான பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் நிற்கின்றன. அந்த வட்டாரத்துக்கே ‘கெமிக்கல் வேலி’ என்று பெயர். ஊரின் இடுகாட்டுக்குப் பக்கத்திலேயே ஆலைத் தொட்டிகள். திங்கட்கிழமை மதியம் அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பள்ளி மணி அளவுக்குப் பழக்கம்.

2000களின் தொடக்கத்தில் ரிசர்வில் வாழ்ந்தவர்கள் சுமார் 850 பேர். அப்போதுதான் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: பந்து விளையாட்டுக்குப் பெண் பிள்ளைகளில் மூன்று அணி சேர்க்க முடிகிறது, பையன்களில் ஒன்று சேர்ப்பதே பெரும்பாடு. ஊரைச் சேர்ந்த ஏடா லாக்ரிட்ஜ் பிறப்புப் பதிவுகளைத் தேடிச் சேர்த்தார். அவரும் இரண்டு ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2005-ல் அறிவியல் இதழில் வந்தது. 1984-லிருந்து 1992 வரை விகிதம் வழக்கமாகவே இருந்தது. அதன் பிறகு சரியத் தொடங்கி, 1999 முதல் 2003 வரையான ஐந்து ஆண்டுகளில் பிறந்த 132 குழந்தைகளில் ஆண் 46, பெண் 86.

பாலின விகிதம் சரிந்தது என்று கேட்டால் நமக்குப் பெண் குழந்தைகள் குறைவதுதான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். ஆம்ஜிவ்னாங்கில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவில் நூறு குழந்தை பிறந்தால் 51 ஆண் என்பது வழக்கம், ஆகவே 132-ல் 67 அல்லது 68 பையன்கள் வர வேண்டும். நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வெறும் அதிர்ஷ்டத்தால் 46 அல்லது அதற்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று.

இங்கேதான் எங்கள் தொழில்காரர்கள் கையைத் தூக்குவார்கள். கனடாவில் 600-க்கும் மேற்பட்ட பூர்வகுடிச் சமூகங்கள் உள்ளன. எல்லாவற்றையும் தேடினால் எங்கேயாவது ஒரு ஊரில் இப்படி ஒரு எண் தட்டுப்படத்தானே செய்யும் என்பார்கள். வாதம் சரிதான். பத்தாயிரத்தில் ஒன்றை அறுநூறால் பெருக்கினால் நூறில் ஆறு. நூறில் ஆறு என்பது உதறித் தள்ளக் கூடியதும் இல்லை, அடித்துச் சொல்லக் கூடியதும் இல்லை. ஆனால் யாரும் அறுநூறு ஊர்களில் தேடி இதைக் கண்டுபிடிக்கவில்லை. ரசாயன ஆலைகள் சூழ்ந்த ஊரில், ஆலைகள் சூழ்ந்திருப்பதால் கவலைப்பட்டவர்கள், தங்கள் ஊரிலேயே பார்த்தார்கள். அதோடு 1976-ல் இத்தாலியின் செவெசோவில் டையாக்சின் வெளியேறிய பிறகு, பத்தொன்பது வயதுக்குள் அந்த நச்சுக்கு ஆளான ஆண்களுக்குப் பிறந்த குழந்தைகளில் ஆண்கள் நூறில் 38 பேர்தான் என்று ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. கட்டுரை எழுதியவர்கள் இன்ன ஆலைதான் காரணம் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சிறு ஊரின் சாபம் அது. நிரூபிக்கத் தேவையான அளவுக்கு எண்ணிக்கை சேர வேண்டுமென்றால் இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும், அதுவரை காற்றும் அப்படியே இருக்க வேண்டும்.

காற்று அப்படியேதான் இருந்தது. 2024 ஏப்ரலில் பக்கத்து ஆலையிலிருந்து வந்த பென்சீன் அளவு தாங்க முடியாமல் போய் ஆம்ஜிவ்னாங் அவசரநிலை அறிவித்தது. மாகாண அரசு ஆலையின் அனுமதியை நிறுத்தி வைத்தது, பிறகு அந்த நிறுவனமே ஆலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது.

மேல் வரிசை, அடி வரிசை இரண்டையும் பார்த்தாயிற்று. நடு வரிசைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கும் படிப்புக்கும் வீட்டுக்கும் இளைஞர்கள் கெனோராவுக்கும் தண்டர் பேக்கும் வின்னிபெக்குக்கும் போகிறார்கள், சிலர் திரும்புகிறார்கள். ரிசர்வில் வீடு பற்றாக்குறை என்பதால் திரும்ப விரும்பினாலும் இடம் இருக்காது. தொலைதூர ஊர்களில் கர்ப்பிணிகளையே பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்னால் நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால், அங்கே பிறந்த ஊர் என்ற கட்டத்தில் தன் ஊர்ப் பெயரை எழுதக்கூடிய குழந்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு அதைவிட விசித்திரமாகப் படுவது இன்னொன்று. பிறந்தும் பட்டியலில் ஏறாத குழந்தைகள்.

கனடாவில் ‘இந்தியன் சட்டம்’ என்று ஒன்று 1876 முதல் இருக்கிறது. யார் பதிவு பெற்ற பூர்வகுடி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1985 வரை, பதிவு இல்லாத வெளி ஆணை மணந்த பெண்ணுக்குப் பதிவு போய்விடும். வெளிப் பெண்ணை மணந்த ஆணுக்குப் போகாது, மனைவிக்கும் சேர்த்துக் கிடைக்கும். மானிடூலின் தீவின் விக்விமிகாங் ஊரைச் சேர்ந்த ஜனட் கார்பியர் லவெல் என்ற அனிஷினாபே பெண் 1970-ல் வெளியாளைத் திருமணம் செய்துகொண்டு, பதிவை இழந்து, வழக்குப் போட்டார். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டம் மாற இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1985-ல் மாறியபோது என்ன நடந்தது தெரியுமா? அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பதிவேட்டில் ஏறினார்கள். ஒரே ஒரு பிரசவம் கூட நடக்காமல் நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் ஆட்கள் திடீரென்று ‘பிறந்தார்கள்’. அந்தக் காலத்துப் பதிவேட்டை வைத்து வளர்ச்சி விகிதம் கணக்கிட்டால் மக்கள்தொகை வெடித்துவிட்டது போலத் தெரியும்.

ஆனால் அதே திருத்தம் பின்வாசலில் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனது. பதிவில் இரண்டு தரம் வந்தது, 6(1), 6(2) என்று. முழுப் பதிவுள்ளவர் வெளியில் மணந்தால் குழந்தைக்கு இரண்டாம் தரம். இரண்டாம் தரத்துக்காரர் வெளியில் மணந்தால் குழந்தைக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு தலைமுறை தொடர்ந்து வெளியே கல்யாணம் செய்தால் போதும், கணக்கு முடிந்தது. அறுநூறு பேர் உள்ள ஊரில் பாதிப் பேர் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், மீதிப் பேர் தூரத்து உறவு, வேறு எங்கேதான் போய் மணப்பார்கள்? ஆகவே நகரங்களுக்கு அருகில் இருக்கும் சிறிய அனிஷினாபே ஊர்களில் முற்றத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், பதிவேட்டின் அடி வரிசையோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். கூட்டாட்சி அரசின் நிதி பெரும்பாலும் பதிவேட்டைப் பார்த்து வருகிறது, முற்றத்தைப் பார்த்து அல்ல. பெண்கள் மீதான பழைய பாகுபாட்டின் மிச்சங்களை 2019 வரை திருத்திக்கொண்டே வந்தார்கள். இரண்டு தலைமுறைப் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் மினசோட்டாவில் இதையே ரத்தக் கணக்காகச் செய்கிறார்கள். ஆறு அனிஷினாபே ரிசர்வ்கள் சேர்ந்த மினசோட்டா சிப்பவா அமைப்பில் 1961 முதல் கால் பங்கு ரத்தம் இருந்தால்தான் உறுப்பினர். அரை, கால், அரைக்கால் என்று பின்னம் போட்டு ஆளை அளக்கும் முறை. அளவுகோலின் அடிப்படையோ நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல்கள். அவற்றைத் தயாரித்தபோது சிலரின் நெஞ்சில் நகத்தால் கீறி, தோல் சிவக்கிறதா என்று பார்த்துப் ‘கலப்பு’ என்று எழுதிய கதையெல்லாம் உண்டு. இப்படியே போனால் உறுப்பினர் எண்ணிக்கை இந்த நூற்றாண்டுக்குள் அதலபாதாளத்துக்குப் போகும் என்று அந்த அமைப்பே ஒரு மக்கள்தொகைக் கணிப்பு செய்ய வைத்துத் தெரிந்துகொண்டது. 2022-ல் உறுப்பினர்களிடம் கருத்து கேட்டார்கள். கால் பங்கு விதி வேண்டாம் என்று பெரும்பான்மையினர் வாக்களித்தார்கள். அது கருத்துக் கேட்பு மட்டும்தான். அமைப்பின் அரசியல் சட்டத்தைத் திருத்த, அமெரிக்க உள்துறை நடத்தும் தனி வாக்கெடுப்பு ஒன்று வேண்டும்.

அந்த அமைப்பில் சேராத ரெட் லேக் என்ற ரிசர்வ், 2019-ல் வேறு வழியாகப் போனது. விதியைத் தொடவில்லை. 1958-ல் தயாரான மூலப் பட்டியலில் உள்ள எல்லோரும் முழு ரத்தத்தினர் என்று ஊர்ச் சபை ஒரு தீர்மானம் போட்டது, அவ்வளவுதான். தாத்தாவின் பின்னம் முழு எண்ணாக மாறியதும் பேரன் பேத்திகளின் பின்னங்களும் ஒரே நாளில் உயர்ந்து, அதுவரை வெளியே நின்ற ஏராளமான குழந்தைகளுக்கு உறுப்பினராகும் தகுதி வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகத் திருத்த முடிகிற எண் எப்படிப்பட்ட எண்ணாக இருந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது.